காலமான கல்லூரித் தோழர்களுக்கு நினைவு மலர்: பெயர்ப் பட்டியல் முதல் நூலகம் வரை

காலமான வகுப்புத் தோழர்களுக்கு நினைவு மலர் கொண்டுவருவது என்று முடிவானதும், பழைய மாணவர் சங்கங்கள் பல முதலில் இறங்குவது அட்டைப்பட வேலையில். அடுத்து அணிந்துரைக்கு ஒரு பெரிய மனிதரைப் பிடிப்பார்கள். பெயர்ப் பட்டியலோ, விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் வாட்ஸ்அப் குழுவில் கேட்கப்படும். நிறையப் பேர் விட்டுப்போவதும், உயிரோடிருப்பவர் பெயர் அஞ்சலிப் பக்கத்தில் ஏறிவிடுவதும் இதனால்தான்.

வேலையை எந்த வரிசையில் செய்தால் இந்தச் சங்கடங்கள் வராது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளின் பழைய மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. பொறியியல், மருத்துவக் கல்லூரிகளுக்கும் பெரும்பாலும் இதே முறைதான்.

1. தொடங்கும் முன்

ஓராண்டு அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும். அவசரப்படுத்தக்கூடிய வேலை இல்லை அது.

நான்கு பேர் போதும். பட்டியலுக்கு ஒருவர், குடும்பங்களோடு பேச ஒருவர், படங்களுக்கு ஒருவர், எழுத ஒருவர். ஒரு குடும்பத்தோடு ஒருவரே தொடர்ந்து பேச வேண்டும். கணவரை இழந்த ஒருவரிடம் மூன்று பேர் மாறி மாறிப் போன் செய்து அதே கேள்வியைக் கேட்பது கொடுமை.

கணினியில் ஓர் அட்டவணை தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு வரி. பெயர், இனிஷியல், பாடப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு, சொந்த ஊர், இறந்த தேதி, அதை யார் சொன்னது, எந்த ஆதாரம், குடும்பத்தின் ஒப்புதல், படம் வந்ததா என்று கட்டங்கள் இருக்கட்டும். "யார் சொன்னது" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தேதி இடிக்கும்போது யாரைத் திரும்பக் கேட்பது என்பதை அந்தக் கட்டம்தான் சொல்லும்.

செலவுக்கான பணத்தையும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். இறந்தவர்களின் குடும்பத்திடம் நன்கொடையோ விளம்பரமோ கேட்கக் கூடாது. "கால் பக்கம் போடுங்களேன்" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அதுவரை பேசியதெல்லாம் அதற்காகத்தான் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

2. முழு வகுப்பின் பட்டியலை முதலில் எடுங்கள்

இறந்தவர்களின் பட்டியலோடு தொடங்காதீர்கள். வகுப்பில் சேர்ந்த எல்லோருடைய பட்டியலும் முதலில் வேண்டும். இருப்பவர்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டு கழித்துக்கொண்டே வந்தால்தான் யாரைப் பற்றி ஒருவருக்குமே தெரியவில்லை என்பது புலப்படும். நினைவில் இருப்பவர்களை மட்டும் எழுதினால், பிரபலமாக இருந்தவர்களும் விடுதியில் தங்கியவர்களும் வந்துவிடுவார்கள். தினமும் பஸ்ஸில் வந்துபோன அமைதியான பையன் விட்டுப்போவான்.

கல்லூரி அலுவலகத்தின் சேர்க்கைப் பதிவேடுதான் அடிப்படை ஆதாரம். முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து அனுமதி பெறுங்கள். பதிவேட்டை அங்கேயே இருந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், வெளியே எடுத்துப்போகக் கேட்காதீர்கள். கல்லூரி ஆண்டு மலர், விடுதிப் பதிவேடு, என்.சி.சி. பட்டியல், விளையாட்டுக் குழுப் படங்கள் எல்லாம் அதற்குத் துணை.

இந்த இடத்தில் புதியவர்கள் தடுமாறும் விஷயங்கள் சில உண்டு.

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைப் பள்ளிக் கல்வி வருவதற்கு முன் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு கல்லூரியில்தான் நடந்தது. அந்த ஓராண்டு மட்டும் படித்துவிட்டு வேறு கல்லூரிக்கோ வேலைக்கோ போனவர்கள் ஏராளம். அவர்கள் பெயர் பட்டப்படிப்புப் பதிவேட்டில் இருக்காது. பி.யு.சி. பதிவேட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாதியில் நின்றவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட உட்கார்ந்து படித்தவர் நம் வகுப்புத் தோழர்தான், பட்டம் வாங்கினாரா என்பது இங்கே கணக்கில்லை.

பட்டமளிப்புப் பதிவைத் தேடினால் அந்த ஆண்டில் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது என்று பாருங்கள். பாளையங்கோட்டையில் 1960-இல் பட்டம் வாங்கியவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. கோவைப் பக்கமும் திருச்சிப் பக்கமும் 1982-இல் பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களின் கீழ் வந்தன. இது தெரியாமல் தவறான அலுவலகத்தில் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

அப்புறம் இனிஷியல். ஒரே வகுப்பில் இரண்டு எஸ். ராஜேந்திரன் இருப்பது சாதாரணம். ஊர்ப்பெயரையும் அப்பா பெயரையும் முழுதாக எழுதிவைத்தால்தான் ஒருவருடைய வாழ்க்கை இன்னொருவர் பக்கத்துக்குப் போகாது.

பெண்களைத் தேடுவது இதைவிடக் கடினம். கல்லூரியில் அப்பா பெயரில் இருந்த இனிஷியல் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயருக்கு மாறியிருக்கும். ஊரும் மாறியிருக்கும். அவர் பெயரை இணையத்தில் தேடி எதுவும் கிடைக்காது. பிறந்த ஊருக்குப் போங்கள். அங்கே அண்ணனோ தம்பியோ அவர்கள் பிள்ளைகளோ இருப்பார்கள். விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழிகளிடம் கல்யாணப் பத்திரிகை இன்னும் இருக்கக்கூடும். எந்த மலரை எடுத்தாலும் பெண்களின் பக்கங்கள் குறைவாக இருப்பதற்கு இந்தக் கூடுதல் அலைச்சலை யாரும் எடுத்துக்கொள்ளாததே காரணம். ஆகவே பெண்களின் பட்டியலை முதலில் கையில் எடுங்கள்.

3. இறந்துவிட்டார் என்பதை உறுதிசெய்யுங்கள்

"அவன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் இருக்குமே" என்று மூன்று பேர் சொன்னாலும் அது ஒரே ஆதாரம்தான். மூவரும் ஒருவரிடமிருந்தே கேட்டிருக்கலாம். ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரம் வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நெருங்கிய உறவினரின் வாய்மொழி. மற்றொன்று ஏதாவது ஓர் எழுத்து: நாளிதழில் வந்த "காலமானார்" அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கருமாதிப் பத்திரிகை, கல்லறைக் கல்வெட்டு, இறப்புச் சான்றிதழ், இப்படி எதுவானாலும் சரி.

சான்றிதழைக் குடும்பம் தானாகக் காட்டினால் தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நகல் கேட்காதீர்கள். சொத்து விவகாரத்துக்கோ என்ற ஐயம் வரும்.

பிறந்த தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். வகுப்பில் பலருக்கு மே, ஜூன் மாதத்திலேயே பிறந்த நாள் இருப்பது அதனால்தான். கல்லூரிப் பதிவேட்டுத் தேதியும் வீட்டார் சொல்வதும் வேறாக இருந்தால் வீட்டார் சொல்வதைப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆண்டு மட்டும் போதும்.

உறுதியாகாதவர்களை "தொடர்பில் இல்லாதவர்கள்" என்று தனிப் பட்டியலில் வையுங்கள். இறந்தவர் வரிசையில் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

4. குடும்பத்துக்கு முதல் போன்

துக்கம் நடந்து அண்மையில்தான் ஆகிறது என்றால் காரியம் முடியும்வரை போன் செய்ய வேண்டாம். அதற்கப்புறமும் ஒரு மாதமாவது விடுங்கள். திதி நாள், தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் நாட்களைத் தவிர்க்கலாம். இறந்து ஓராண்டு முடியாத வீட்டில் பண்டிகை நாள் இன்னும் கனமானது.

வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பித் தொடங்காதீர்கள். குரலில் பேசுங்கள். இப்படித் தொடங்கினால் போதும்: "வணக்கம்மா. நான் சாரோட காலேஜ்ல ஒண்ணாப் படிச்சவன். எங்க செட்ல காலமானவங்களப் பத்தி ஒரு மலர் கொண்டு வர்றோம். சாரப் பத்தி உங்ககிட்டக் கேட்டு எழுதணும்னு ஆசை. உங்களுக்குச் சம்மதம்னா, சௌகரியப்பட்ட நாள்ல வந்து பாக்குறேன்." முதல் போனில் தகவல் எதுவும் கேட்க வேண்டாம். நாள் மட்டும் வாங்கிக்கொண்டு வையுங்கள். அவர்களுக்கு யோசிக்கவும், பெட்டியைத் திறந்து பழைய படங்களை எடுக்கவும் நேரம் கிடைக்கும்.

"வேண்டாம்" என்று சொன்னால் அதோடு நிறுத்திவிடுங்கள். காரணம் கேட்கக் கூடாது. பெயரும் பாடப்பிரிவும் மட்டும் போடலாமா என்று ஒருமுறை கேட்கலாம், அவ்வளவுதான்.

5. வீட்டில் என்ன கேட்பது

மொத்த வேலையிலும் நிதானமாகச் செய்ய வேண்டியது இதுதான். "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார்" என்றுதான் வரும். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதை வைத்து ஒரு பக்கம் எழுத முடியாது. அன்றாடத்தைக் கேளுங்கள்.

காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எழுந்ததும் என்ன செய்வார்? சம்பளம் வந்ததும் முதலில் எதற்குக் கொடுப்பார்? வீட்டில் எந்த வேலையை வேறு யாரையும் செய்யவிடமாட்டார்? எதற்குக் கோபம் வரும்? எந்தப் பலகாரத்துக்கு அடித்துக்கொள்வார்? கல்லூரியைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன கதை சொல்வார்? அவருடைய சட்டைப்பையில் எப்போதும் என்ன இருக்கும்? சைக்கிளா, டி.வி.எஸ். 50-ஆ, கடைசிவரை பஸ்ஸா?

சட்டைப்பைக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். சாவிக்கொத்து, மூக்குப்பொடி டப்பா, பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிய கணக்கு, பேத்திக்கான மிட்டாய் என்று கண் முன்னால் ஒரு ஆள் வந்துவிடுவார். அதைச் சொல்லும்போது மனைவியோ மகளோ சிரிப்பார்கள். அப்புறம்தான் உண்மையான பேச்சு தொடங்கும்.

இறந்த பெண்களைப் பற்றிக் கேட்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். கணவரிடம் மட்டும் பேசினால் கல்யாணத்துக்கு முந்தைய இருபது ஆண்டு விட்டுப்போகும். கூடப்பிறந்தவர்களிடமும் பேசுங்கள். வேலைக்குப் போகாதவர் என்றால் "இல்லத்தரசி" என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அவர் யார் யாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், தெருவில் யார் மனு எழுத அவரிடம் வருவார்கள், படித்த படிப்பை எங்கே பயன்படுத்தினார் என்று கேளுங்கள். வீட்டில் இருந்தபடியே பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பத்தாம் வகுப்பு தேறவைத்த கணிதப் பட்டதாரிகள் நம்மூரில் இருக்கிறார்கள்.

அனுமதி கேட்டுவிட்டுப் போனில் பதிவுசெய்யுங்கள். அழுதால் பதிவை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம்.

6. நண்பர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்

குழுவில் "நினைவுகளைப் பகிருங்கள்" என்று போட்டால் கும்பிடும் கைப் படங்கள்தான் வரும். ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் வழிமொழிவார்கள். தனித்தனியாகப் போன் செய்து, "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்க போவீங்க?" என்று இடத்தைக் கேளுங்கள். கேன்டீன், விடுதி மொட்டைமாடி, சினிமா தியேட்டர், கல்லூரி வாசல் டீக்கடை என்று இடம் வந்ததும் சம்பவம் தானாக வரும்.

ஒரே சம்பவத்தை இருவர் வேறுமாதிரி சொன்னால் இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எழுதுங்கள். குடும்பத்துக்குத் தெரியாத காதல், அரியர்ஸ், ஒழுங்கு நடவடிக்கை போன்றவை எவ்வளவு சுவையாக இருந்தாலும் அச்சுக்குப் போகக் கூடாது. மறுத்துப் பேச அவர் இல்லை.

7. படங்கள்

படத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அந்த வீட்டுக்கு அது ஒரே பிரதியாக இருக்கலாம். கையடக்க ஸ்கேனரைக் கொண்டுபோய் அங்கேயே, 600 டி.பி.ஐ.-இல் எடுங்கள். ஆல்பத்தில் ஒட்டிய படத்தையும், சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தையும் பிய்க்கக் கூடாது, மேல்பூச்சு உரிந்துவிடும். அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர்மேலே இருந்து போனில் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் கைப்பட எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

மாலை போட்ட படத்தைத் தவிர்த்து, கல்லூரிக் காலப் படம் ஒன்று, பிற்காலப் படம் ஒன்று கேளுங்கள். வகுப்புத் தோழர்களுக்கு முதல் படத்தில்தான் அடையாளம் தெரியும், பேரப்பிள்ளைகளுக்கு இரண்டாவதில்.

தனிப்படம் கிடைக்காவிட்டால் பிரிவு உபசார விழாவின் குழுப்படம் கைகொடுக்கும். கீழே "அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்" என்று அச்சடித்த பெயர்களை அப்படியே நம்ப வேண்டாம். படம் எடுக்கும்போது வராதவர் பெயரும் சிலசமயம் அதில் இருக்கும், அப்போது அந்த வரிசையே ஓர் ஆள் தள்ளிப்போகும். இரண்டு ஓரங்களிலிருந்தும் தெரிந்த முகங்களை வைத்துச் சரிபார்த்துவிட்டு நடுவுக்கு வாருங்கள்.

கணினியில் முகத்தை மெருகேற்றும் செயலிகள் வேண்டாம். கீறலை நீக்கலாம். கண்ணையும் மூக்கையும் புதிதாக வரைந்துவிட்டால் அது வேறு ஆள்.

8. எழுதுவது

ஆளுக்கு ஒரு பக்கம். ஆட்சியராக ஓய்வு பெற்றவருக்கும் மளிகைக் கடை வைத்திருந்தவருக்கும் அதே ஒரு பக்கம்தான். வரிசை அகரவரிசை. பதவி வரிசை வந்தால் மலரின் நோக்கமே போய்விடும். தகவல் கிடைக்காதவருக்கும் பக்கம் உண்டு: பெயர், பாடப்பிரிவு, ஆண்டு, ஊர், குழுப்படத்திலிருந்து வெட்டிய முகம். மீதி இடம் காலியாக இருக்கட்டும். "பண்பாளர்" என்று எதையாவது போட்டு நிரப்ப வேண்டாம்.

முதல் வரைவுகள் அநேகமாக இப்படித்தான் வரும்: "அன்னார் கடின உழைப்பாளி. பழகுவதற்கு இனியவர். அவரது மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு." பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அந்த வரிகளை எழுதியவரிடம் "எதை வைத்து இனியவர் என்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது வருவது இப்படி இருக்கும்: "விடுதி மெஸ் செயலராக இருந்த ஆண்டு, காய்கறி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் தானே சைக்கிளில் போவார். மாதக் கட்டணம் கட்ட முடியாத இருவரின் பெயரைப் பலகையில் எழுதாமல், சமையல்காரரிடம் தனியாகச் சொல்லிவைத்தார்." இதில் இனியவர் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

தொடக்க வரியில் ஊரும் வீடும் வரட்டும். பிறகு கல்லூரி, வேலை, குடும்பம், அவருக்கே உரிய ஒரு பழக்கம், கடைசியில் இறந்த தேதியும் ஊரும். பட்டம், பதவி, விருது எல்லாம் ஒரு பத்திக்குள் அடங்க வேண்டும்.

அடைமொழியில் மதத்தைப் பாருங்கள். எல்லோருக்கும் "அமரர்" என்று போட்டுவிடக் கூடாது. முஸ்லிம் குடும்பங்களில் "மர்ஹூம்" என்பார்கள், கிறிஸ்தவர்களுக்கு அவர்கள் வழக்கம் உண்டு, கடவுள் மறுப்பாளராக வாழ்ந்தவருக்கு "இறைவனடி சேர்ந்தார்" என்பது அவமதிப்பு. அடைமொழியே இல்லாமல் பெயரும் ஆண்டுகளும் போடுவது எல்லோருக்கும் பொருந்தும். நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

9. இறப்புக் காரணம்

குடும்பம் தானாகச் சொல்லி, எழுதவும் சம்மதித்தால் தவிர, காரணம் எழுத வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே, பதிவேட்டிலிருந்து கொடுக்கும் சான்றில் இறப்புக் காரணத்தைக் காட்டக் கூடாது என்கிறது. அரசே மறைத்துக் கொடுப்பதை நாம் அச்சடிக்கத் தேவையில்லை.

தற்கொலை என்றால் முறையையும் இடத்தையும் எந்த வடிவிலும் எழுதாதீர்கள், குறிப்பால்கூட வேண்டாம். அவர் வாழ்ந்த ஆண்டுகளை மற்றவர்களுக்கு எழுதுவது போலவே முழுதாக எழுதுங்கள். அந்தக் குடும்பங்கள்தான் இந்த மலரை மிகுந்த பயத்தோடு திறக்கும்.

10. அச்சுக்கு முன் வீட்டாரிடம் காட்டுங்கள்

பக்கத்தை வடிவமைத்து, தாளில் எடுத்து, நேரிலோ தபாலிலோ கொடுங்கள். போன் திரையில் பெரியவர்கள் படிக்கமாட்டார்கள், "சரி" என்று சொல்லிவிடுவார்கள். இனிஷியல், ஊர், பிள்ளைகள் பெயர் வரிசை இவற்றைச் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள்.

இரண்டு மனைவியர், பிரிந்த பிள்ளைகள், பாகப்பிரிவினை வழக்கு என்று வந்தால் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்தப் பக்கத்தில் குடும்ப வரியையே விட்டுவிடலாம், மற்றதெல்லாம் நிற்கும். யாருடைய முகவரியும் போன் எண்ணும் மலரில் வரக் கூடாது.

11. அச்சு

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துரு முறைகள் ஓடுகின்றன. மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறும், பெயர்கள் சிதையும். மாற்றிய பிறகு இன்னொரு முறை மெய்ப்புப் பாருங்கள். ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் அச்சுப்படியைப் பார்க்க வேண்டும். பக்கங்கள் 16-இன் மடங்காக வந்தால் தாள் வீணாகாது. மிஞ்சும் இடத்தைத் திருத்தக் குறிப்புக்கு விடுங்கள்.

12. வெளியீட்டுக் கூட்டம்

பெயர்களை வாசிப்பதை முதல் நிகழ்ச்சியாக வையுங்கள், சிறப்பு விருந்தினர் பேச்சு அப்புறம். ஒவ்வொரு பெயரையும் ஊரோடும் பாடப்பிரிவோடும் அவர் வகுப்புத் தோழர் ஒருவரே வாசிக்கட்டும். குடும்பத்தார் முன்வரிசையில் இருக்க வேண்டும். முதல் பிரதி அவர்களுக்கு, இலவசமாக.

விளக்கேற்றக் கணவரை இழந்தவர்களை அழைக்காமல் ஒதுக்கும் பழக்கம் இந்த மேடையிலாவது இருக்கக் கூடாது. முன்கூட்டியே கேட்டு, விருப்பம் இருந்தால் அவர்களையே ஏற்றச் சொல்லுங்கள். மேடைக்கு வரத் தயங்குபவர்களிடம் இருக்கைக்கே போய் மலரைக் கொடுங்கள்.

13. மலர் எங்கே இருக்க வேண்டும்

பீரோவில் அடுக்கிய மலர்கள் பத்து ஆண்டில் கரையானுக்குப் போகும். கல்லூரி நூலகத்துக்கும் துறை நூலகத்துக்கும் பிரதி கொடுங்கள். நூலாக வெளியிட்டால் 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

மின்வடிவத்தில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நல்ல முன்மாதிரி. இறந்தவருக்கு 31-ஆம் நாளில் நினைவு மலர் வெளியிடுவது அங்கே பழைய வழக்கம். 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் அத்தகைய மலர்களை நிறைய மின்வடிவமாக்கி வைத்திருக்கிறது. நீங்கள் மின்பிரதியை ஏற்றும்முன் குடும்பங்களிடம் தனியாக ஒப்புதல் வாங்குங்கள். அச்சுக்குக் கொடுத்த சம்மதம் இணையத்துக்கும் சேர்த்தது ஆகாது.

மூல அட்டவணை, குரல் பதிவுகள், ஸ்கேன் செய்த படங்கள் மூன்றையும் இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்கில், இரண்டு ஊர்களில் வையுங்கள். அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு அடுத்த செட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். மலர் வெளியான மாதத்திலேயே "எங்க மாமாவும் அங்கதான் படிச்சார், அவர் பேர் இல்லையே" என்று போன் வரத் தொடங்கும். அந்தப் பெயர்களுக்கும் அதே ஆதார விதிதான், அதே ஒரு பக்கம்தான். ஆண்டுக்கு ஒருமுறை பின்னிணைப்பாக அச்சிட்டு முன்பு மலர் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் அனுப்புங்கள்.